ஞாயிற்றுக்கிழமை தட்டாத சுவர்

"இதைக் கழற்றிப் பாருங்கண்ணே. உள்ளே என் வீட்டுக்காரர் இருக்காரான்னு சொல்லுங்க."

ரிப்பேர்காரர் பதினெட்டு வருஷமாக எத்தனையோ புகார் கேட்டிருக்கிறார். ஒரு காதில்தான் கேட்குது, தண்ணியில விழுந்துடுச்சு, பிள்ளை கடிச்சுட்டான். இப்படி ஒன்றை அவர் கேட்டதே இல்லை. கவுண்ட்டரில் கறுப்பு ஹெட்போனை வைத்துவிட்டு நின்ற பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். கழுத்தில் அளவெடுக்கும் டேப் தொங்கியது. அதை எடுத்து வைக்கக்கூடத் தோன்றாமல் தெருவில் நடந்து வந்திருக்கிறாள், பாவம்.

"அவர் இப்ப எங்கேம்மா?"

"பஸ் விபத்துல போய்ச் சேர்ந்து ரெண்டு மாசமாச்சு."

கடையின் தடுப்புக்குப் பின்னால் செய்தித்தாள் மடிக்கும் ஓசை கேட்டது. அங்கே இருந்தவர் ரிப்பேர்காரரின் அக்கா புருஷன். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபத்தேழு வருஷம் விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இடி விழுந்தாலும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார். அவரோடு துப்பறியக் கிளம்புவதென்றால் ரிப்பேர்காரருக்குச் சோறு தண்ணி வேண்டாம். அக்கா இதற்காக இரண்டு பேரையும் சேர்த்து வைத்துத் திட்டுவாள்.

"உட்காரும்மா," என்றார் அத்தான். "முதல்லேர்ந்து சொல்லு."

அவள் சொன்னாள். வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைக்கிறாள். புருஷனுக்கு ராத்திரி ஷிப்ட். பகலில்தான் தூங்குவார். பக்கத்து வீட்டில் ஓயாமல் ஒரு பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறது. அந்த உறுமல் தாங்காமல்தான் வெளிச் சத்தத்தை அடக்கும் இந்த ஹெட்போனை வாங்கினார். அவர் போன பிறகு, அவர் படுத்த இடத்தில் படுத்து, அதை இவள் மாட்டிப் பார்த்தாள்.

"பாட்டு எதுவும் போடல சார். பட்டனை அமுக்கினதும் ஃபேன் சத்தம் அப்படியே அடங்கிச்சு. அப்புறம் டக் டக்னு ரெண்டு. கொஞ்சம் விட்டு இன்னொரு டக். அவர் வேலை முடிஞ்சு வந்து கதவைத் தட்டுறது அப்படித்தான். அந்தத் தட்டலுக்கு நான் யாருன்னு கேட்டதே இல்லை, ஓடிப் போய்த் திறப்பேன். ஹெட்போனைக் கழற்றினா ஒன்னும் இல்ல. மாட்டினா கூப்பிடுறார்."

"வேற யாராவது கேட்டாங்களா?"

"அவரோட அண்ணன் போன ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு மணி நேரம் மாட்டிக்கிட்டு உட்கார்ந்தார். ஒன்னும் கேட்கல. எனக்குப் புத்தி கலங்கிடுச்சாம். இப்படிப்பட்டவகிட்ட பாப்பாவை விட முடியாதாம். இன்னிக்கு மதியம் ஸ்கூல் விட்டதும் வந்து கூட்டிட்டுப் போறார். பையெல்லாம் கட்டி வச்சாச்சு." டேப்பின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள். "ஏழு வயசு சார். அவளையும் விட்டுட்டு நான் எதுக்கு இருக்கணும்?"

ரிப்பேர்காரர் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். ஹெட்போனைக் கழற்றினார், சோதித்தார், மூடினார்.

"பழுதே இல்ல அத்தான். வேற எங்கேயோ ஓடுற பாட்டு இதுல கலந்திருக்குமோன்னு நினைச்சேன். அதுவும் கிடையாது. இதை இதுவரைக்கும் ஒரு போனோடகூட இணைச்சதே இல்ல."

"அப்ப மனுஷன் பாட்டே கேட்கல," என்ற அத்தான் அவள் பக்கம் திரும்பினார். "தட்டல் எந்த நேரத்துல வரும்?"

"காலையில பத்து மணிக்கு மேல. சாயங்காலம் அஞ்சு, அஞ்சரை வரைக்கும்."

"ஞாயிற்றுக்கிழமை?"

அவள் யோசித்தாள். "ஞாயிற்றுக்கிழமை கேட்டதே இல்ல சார்."

"பேய்க்கும் வார லீவு உண்டு போல," என்றார் ரிப்பேர்காரர். அத்தான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவர்கள் மாடியேறும்போது மணி பத்து. அடுத்தடுத்து இரண்டு வாசல்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே பொதுச்சுவர். பக்கத்து வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தான்கள் திணறும் அளவுக்குப் பருத்த உடம்பு, கனிவான முகம். கதவில் ஒன்றல்ல, இரண்டு பூட்டு போட்டார். உள்ளே ஃபேன் உறுமிக்கொண்டிருந்தது.

"ஆள் இல்லாத வீட்டுல ஃபேன் ஓடுதே?" என்றார் அத்தான், சும்மா கேட்பது போல.

"சுவரெல்லாம் ஈரம் சார், நிறுத்தினா பூஞ்சை வந்துடுது. தொந்தரவா இருந்தா மன்னிச்சுக்கங்க."

"தனியாவா இருக்கீங்க?"

"அப்பா இருந்தார். தம்பி வீட்டுக்குப் போய் ஒரு வருஷமாகுது." பாப்பாவை விசாரித்துவிட்டு, வேகமாகப் படியிறங்கினார்.

அத்தான் நடையில் கட்டியிருந்த துணிக்கொடியைப் பார்த்தார். அந்த வீட்டுத் துணிகள் காய்ந்தன. "மாப்பிள்ளை, உங்க பனியன் என்ன சைஸ்?"

"இப்ப எதுக்கு அத்தான் என் பனியன்?"

"சும்மா கேட்டேன்."

அவள் வீட்டுக்குள், தையல் மிஷினுக்கு அந்தப் பக்கம் கட்டில், பொதுச்சுவரை ஒட்டி. கதவோரம் ஒரு சின்னப் பை, அதன் மேல் ஒரு ஜோடி குட்டி ஷூ. ரிப்பேர்காரர் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார். அத்தான் கட்டிலின் தலைமாட்டில் குனிந்தார். அங்கே நாணயமளவுக்குச் சுண்ணாம்பு பெயர்ந்து, நடுவில் குழி விழுந்திருந்தது.

"உன் வீட்டுக்காரர் இந்தச் சுவரைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்காரா?"

"சுவருக்குள்ள எனக்கு ஒரு சிநேகிதன் இருக்கான்னு ஒரு தடவை சொன்னார். தூக்கக் கலக்கத்துல உளர்றார்னு நினைச்சேன்."

"மாப்பிள்ளை, படுங்க. மாட்டுங்க."

ரிப்பேர்காரர் செத்த மனிதரின் தலையணையில் தலை வைத்தார். உடம்பு கூசியது. பட்டனை அமுக்கினார். உறுமல் கரைந்தது. அந்த நிசப்தம் அவருக்குத் துளியும் பிடிக்கவில்லை. பத்து நிமிஷம் போயிற்று. எழுந்துவிடலாம் என்று நினைத்தபோது, காதருகே, யாரோ பக்கத்தில் படுத்திருப்பதைப் போல:

டக் டக். டக்.

"ஐயோ அத்தான்! நிஜம்தான்!" என்று ஒரே துள்ளலில் கட்டிலை விட்டு இறங்கியவர், வாசலில் வந்து நின்ற ஆள் மீதே மோதிக்கொண்டார்.

வந்தது கணவரின் அண்ணன். மதியம் என்றவர் சீக்கிரமே வந்துவிட்டார். கடுமையான ஆள் இல்லை. தம்பியைப் பறிகொடுத்து, தம்பி பிள்ளைக்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்துபோனவர். "யார் இவங்க? இன்னும் எத்தனை பேரை இந்தப் பைத்தியத்துல இழுத்து விடப்போற?" என்று அவர் கேட்டது அதட்டலாக இருந்தாலும் குரல் உடைந்தே இருந்தது.

"மாமா, ஒரு அஞ்சு நிமிஷம்..." என்றாள் அவள்.

"அவ புத்தி தெளிவா இருக்கு," என்றார் அத்தான். "நீங்களும் பொய் சொல்லல. ரெண்டு பேர் சொல்றதும் உண்மைன்னு எடுத்துக்கிட்டு யோசிச்சேன். மாப்பிள்ளை, இந்தக் கருவி என்ன செய்யுது? புரியுற மாதிரி சொல்லுங்க."

ரிப்பேர்காரருக்கு உயிர் வந்தது. "வெளியில இருக்குற சத்தத்தை இதோட மைக் கேட்கும். அதுக்கு நேர் எதிரான சத்தத்தை உடனே காதுக்குள்ள விடும். ரெண்டும் ஒன்னையொன்னு அடிச்சுக்கிட்டு ஒழியும். வெளிச் சத்தம் மாறினா இதுவும் தன்னைத் திருத்திக்கும். ஃபேன் மாதிரி ஒரே சீரா ஓடுற சத்தம்னா அப்படியே முழுங்கிடும். பட்டுனு விழுற தட்டலுக்கு மட்டும் இதால ஈடு கொடுக்க முடியாது. சுதாரிக்கிறதுக்குள்ள அது முடிஞ்சு போயிருக்கும்."

"அவ்வளவுதான் விஷயம். இது எந்தச் சத்தத்தையும் சேர்க்கல. ஒன்னை எடுத்துச்சு. திரையை விலக்கினதும் பின்னால இருந்தது கேட்டுச்சு. தட்டல் எப்பவுமே இந்தச் சுவர்லதான் இருக்கு."

"தட்டுறது யார்?" என்றார் அண்ணன்.

"ஞாயிற்றுக்கிழமை தட்டப் பயப்படுற ஒருத்தர். பக்கத்து வீட்டுக்காரர் வேலைக்குப் போனதும் ஆரம்பிக்குது, வீடு திரும்பினா நிக்குது. நீங்க வந்த அன்னிக்கு அவர் வீட்டுல இருந்தார். அப்பா ஊருக்குப் போய் ஒரு வருஷமாச்சுங்கிறார். ஆனா வெளியே கொடியில அவரோட சட்டைக்குப் பக்கத்துல ரெண்டு பனியன் காயுது. அவர் கை நுழையாது அதுல. மெலிஞ்ச ஆளோடது, நேத்துத் துவைச்சது."

சுவருக்கு அப்பால் ஃபேன் உறுமிக்கொண்டிருந்தது.

"அதை ஓட விட்டதே இந்தத் தட்டலை அமுக்கத்தான். பேச்சு ஓடுற ரேடியோவை வச்சிருந்தா நமக்கு ஒன்னுமே தெரிஞ்சிருக்காது. இந்தக் கருவி எதை முதல்ல முழுங்குமோ, மனுஷன் அதையே தேடிப் பிடிச்சு வச்சுட்டார். மாப்பிள்ளை, கீழே மீட்டர் பெட்டியில அந்த வீட்டு மெயினை இறக்குங்க. தப்புதான், அப்புறம் பார்த்துக்கலாம்."

ரிப்பேர்காரர் படிகளை இரண்டிரண்டாகத் தாவினார். ஸ்விட்சை இறக்கிவிட்டு மூச்சிரைக்க ஏறி வந்தார். உறுமல் தேய்ந்து, இழுத்து, நின்றது. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் வீட்டில் சுவர்க்கடிகாரத்தின் ஓசை கேட்டது.

டக் டக். டக்.

வெறும் காதில். நால்வருக்கும். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அத்தான் முதலில் போலீசுக்குப் போன் செய்தார். அப்புறம் அவளிடம் நம்பர் வாங்கிப் பக்கத்து வீட்டுக்காரருக்கு. "பத்து நிமிஷத்துல வந்து கதவைத் திறங்க. பதினோராவது நிமிஷம் பூட்டை உடைப்போம்."

ஒன்பதாவது நிமிஷத்தில் அவர் வந்துவிட்டார். இரண்டு பூட்டையும் திறந்தார். "அடிச்சதில்ல சார், பட்டினி போட்டதில்ல," என்று கேட்காமலே சொன்னார். "பக்கவாதம். ஒரு பக்கம் விழுந்துடுச்சு, பேச்சும் போச்சு. பார்த்துக்க ஆள் கிடைக்கல. ஒரு நாள் யாரோ கேட்டாங்க, தம்பி வீட்டுல இருக்கார்னு வாயில வந்துடுச்சு. அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது? அவர் சுவரைத் தட்ட ஆரம்பிச்சார். பயந்து..."

"ஒரு பொய்யைக் காப்பாத்த அப்பாவைச் சுவருக்குள்ள வச்சுட்டீங்க," என்றார் அத்தான். அவர் குரல் உயர்ந்து ரிப்பேர்காரர் கேட்டது அன்றைக்குத்தான்.

உள்ளறையில் கட்டிலில் கிழவர் கிடந்தார். எலும்பும் தோலும். இடக்கையில் ஒரு எவர்சில்வர் ஸ்பூன். தலைமாட்டுச் சுவரில் நாணயமளவு குழி. அந்தப் பக்கத்துக் குழிக்கு நேர் பின்னால். அவர் கண்கள் ஒவ்வொரு முகமாகப் போயின. யாரையோ தேடின.

"உன் வீட்டுக்காரரும் படுத்துக்கிட்டே இதைக் கேட்டிருக்கார்," என்றார் அத்தான் மெல்ல. "யாருன்னு தெரியாம, விளையாட்டா, தான் கதவைத் தட்டுற மாதிரியே பதில் தட்டியிருக்கார். இவர் அதைப் பிடிச்சுக்கிட்டார். ரெண்டு மாசமா பதில் இல்ல. இவரும் விடல."

அவள் கட்டிலருகே போனாள். செத்தவர் தன்னைக் கூப்பிடுகிறார் என்று நினைத்திருந்தாள். உயிரோடு இருக்கிற ஒருவர் செத்தவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தன்னைப் போலவே.

கிழவர் ஸ்பூனால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். டக் டக். டக். அவளையே பார்த்தார்.

அவள் மண்டியிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவர் வரமாட்டாருங்க ஐயா," என்றாள். "அவர் செத்துட்டார்." இரண்டு மாதத்தில் அந்த வார்த்தையை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்புறம் அடக்கியதெல்லாம் உடைந்து, அழுதாள். கிழவருக்குக் குரல் இல்லை. கண்ணீர் மட்டும் காதோரமாக வழிந்தது.

அண்ணன் வெளியே போனார். ரிப்பேர்காரர் வாசல்வரை போய் எட்டிப் பார்த்தார். அவள் வீட்டு வாசலுக்குள் அண்ணன் குனிந்து, குட்டி ஷூவை ஓரமாக வைத்துவிட்டு, பையைத் திறந்து, பாப்பாவின் துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தார்.

உள்ளே அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஸ்பூனைத் தன் கையில் வாங்கி, சட்டத்தில் தட்டினாள். இரண்டு. கொஞ்சம் விட்டு, ஒன்று.