முழு ஸ்கிரீனையும் அனுப்பு

அந்தப் பழைய வீட்டுக்குத் தங்கை குடிபோன மறுநாளே, பட்டப்பகலில், அண்ணனின் அலுவலகத்துக்கு ஃபோன் வந்துவிட்டது.

"அண்ணா, கம்ப்யூட்டர்ல என்னமோ ஆகுது. நான் மவுஸைத் தொடவே இல்ல, அம்புக்குறி தானா மூலைக்குப் போகுது. வீட்ல ஈரத்துணி நாத்தம் வேற, குடலைப் புரட்டுது."

கணினிக் கோளாறு பார்ப்பதுதான் அவனுக்குச் சோறு போடும் வேலை. யார் கூப்பிட்டாலும் முதல் பேச்சு, 'முழு ஸ்கிரீனையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க' என்பதுதான். அதனால் அலுவலகத்தில் அவன் பெயரே முழு ஸ்கிரீன். ஊரையே வழிக்குக் கொண்டுவந்தவனின் பாச்சா தங்கையிடம் மட்டும் பலித்ததில்லை. அவள் வழக்கம்போல் செல்போனால் திரையைப் படம்பிடித்து அவன் கணினிக்கு அனுப்பினாள்.

படத்தில் அம்புக்குறி எங்கே தெரிந்தது? திரைக் கண்ணாடியில் அறைதான் பிரதிபலித்தது. அவள் கை, செல்போன், பின்னால் குழந்தையின் தொட்டில்.

தொட்டிலின் மேல் குனிந்தபடி ஒரு பெண்.

"வீட்ல வேற யாரு இருக்கா?"

"நானும் பாப்பாவும்தான். அவரு வேலைக்குப் போயிட்டாரே."

ஏதோ நிழல் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். ஸ்கிரீன்ஷாட்டில் கண்ணாடி நிழல் விழாது. கணினி தன்னிடம் உள்ளதை மட்டும்தான் காட்டும். "போன்ல எடுக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? கீபோர்டுல எடுத்து அனுப்பு."

வந்தது.

நீலத் திரை, கோப்புகள், மூலையில் அம்புக்குறி. எல்லாவற்றுக்கும் பின்னால், தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் மங்கலாக, அதே அறை. அதே தொட்டில்.

அந்தப் பெண் நிமிர்ந்து திரும்பியிருந்தாள்.

அவன் கத்தினான். "பாப்பாவைத் தூக்கிட்டு வெளியே ஓடு. இப்பவே!"

"தொட்டில் பக்கம் போக முடியலண்ணா." அவள் அழுதாள். "காலே நகர மாட்டேங்குது. பாப்பா மூச்சுவிடற சத்தமே கேக்கல."

இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். ஒரு படம் அவனிடம் வந்ததற்கே அது குழந்தையை விட்டு நிமிர்ந்திருக்கிறது. படம் போகும் இடத்துக்கே அதுவும் போகும் என்பது பிடிபட்டது. ஆனாலும் சொன்னான்.

"இன்னொண்ணு எடு. எனக்கே அனுப்பு."

அடுத்த படத்தில் அந்தப் பெண் அறையின் நடுவில் நின்றாள். அதற்கடுத்ததில் திரை முழுக்க நனைந்த தலைமுடி.

"இன்னொண்ணு."

கடைசிப் படத்தில் தொட்டில் மட்டும் இருந்தது. மறுமுனையில் குழந்தை வீறிட்டு அழுதது. அவ்வளவு இனிமையான அழுகையை அவன் கேட்டதே இல்லை.

"தூக்கிட்டேன்ணா! தெருவுக்கு வந்துட்டோம்!"

ஃபோனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஈரத்துணி நாற்றம் அடித்தது.

மவுஸிலிருந்து கையை எடுத்தான். அம்புக்குறி மெல்ல மூலைக்கு நகர்ந்தது.

என்ன வந்தாலும் இது தன்னைத் தாண்டி யாருக்கும் போகக்கூடாது. மேசைக்கடியில் கைவிட்டு வயர்களைப் பிடுங்கி எறிந்தான். திரை அணைந்தது.

தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து சக ஊழியன் சிரித்தான்.

"என்னப்பா முழு ஸ்கிரீன், எனக்கே ஸ்கிரீன்ஷாட் அனுப்புறியா? ஆமா, உன் மேல குனிஞ்சு நிக்கிறது யாரு?"