சூடு ஆறாத கோட்

கழற்றி மாட்டிய கோட்டில் ஆளின் சூடு பத்து நிமிடம் நிற்கும், அதற்கு மேல் நிற்காது. லின்னெட் நடனக்கூடத்தின் கோட் அறையில் பன்னிரண்டு குளிர்காலங்களைக் கழித்த ஷோனா மெக்வீக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தலைக்கு மேலே இசை இடி இடியென்று இடித்துக்கொண்டிருக்க, ஈரக் கம்பளியும் சென்ட்டும் சிகரெட்டும் கலந்த நாற்றத்துக்குள் அவள் கண்ணை மூடிக்கொண்டே எந்த எண்ணையும் எடுத்துவிடுவாள். அப்படித்தான் ஒரு மணி வாக்கில் யாருடைய ஜாக்கெட்டையோ தேடிப் பின்வரிசைக்குள் கையை நுழைத்தாள். இரண்டு சில்லிட்ட கோட்டுகளுக்கு நடுவே ஏதோ ஒன்று வெதுவெதுப்பாகப் புறங்கையில் பட்டது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

பத்தரைக்குப் பிறகு அந்த வரிசையில் அவள் எதையும் மாட்டவேயில்லை.

"என்னக்கா, எலியா?" என்றான் கவுன்டரில் தொங்கிக்கொண்டிருந்த பையன்.

"எலியா இருந்தா எவ்வளவோ தேவல. உன் டிக்கெட் எங்க?"

"பத்திரமா இருக்கட்டும்னு ஷூவுக்குள்ள வச்சேன். குதிச்ச குதியில ஷூவே போச்சு." வெறும் காலுறை மாட்டிய பாதத்தைத் தூக்கிக் காட்டினான்.

"என்ன கோட்டு?"

"கருப்பு."

"இங்க முந்நூறு கருப்பு தொங்குது ராசா."

"அதுலயே அழகான கருப்பு, அக்கா."

ஷோனா தேடி எடுத்துக் கொடுத்தாள். கிளாஸ்கோவில் எந்தக் கூடத்துக்குப் போனாலும் வழக்கம் ஒன்றுதான்: டிக்கெட்டைத் தொலைத்தவர் கூட்டம் கலையும்வரை ஓரமாக நிற்க வேண்டும், எல்லாரும் எடுத்துப்போன பிறகு மிஞ்சுவது அவருடையது. முன்பெல்லாம் ஷோனா இந்த வழக்கத்தை வேதமாகப் பிடித்திருந்தாள். எத்தனை கெஞ்சினாலும் மசியமாட்டாள். போன ஜனவரிக்குப் பிறகு கேட்பவனுக்கெல்லாம் கொடுத்துவிடுகிறாள். இப்போது கொடுத்து என்ன புண்ணியம் என்று அவள் மனசே அவளைக் காறித் துப்பும்.

போன ஜனவரியில் வந்தவள் பெயர் மிரன். பத்தொன்பது வயது. முட்டிக்கு மேல் நிற்கும் வெள்ளிச் சட்டை, கண் மை கன்னம் வரை வழிந்திருந்தது. "பச்சக் கோட்டு ஆன்ட்டி, ரெண்டாவது பட்டன் இருக்காது. வீட்டுச் சாவி அதுலதான் இருக்கு. தலை சுத்துது, நான் போகணும்." கோட் ஷோனாவின் கண்ணெதிரே தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவள் பின்னால் நாற்பது பேர் வரிசை, ஷோனாவுக்குக் கால்வலி, எரிச்சல். "டிக்கெட் இல்லேன்னா கடைசி வரைக்கும் நில்லு கண்ணு" என்று சொல்லிவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டாள். மிரன் காற்று வாங்க வெளியே போனாள். ஒரு மணிக்கு மேல் வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். வாசலில் நின்ற காவலாளி டூகலும் விடவில்லை. அவள் நடந்தே வீட்டுக்குப் போய், பூட்டிய தெருக்கதவின் படியில் உட்கார்ந்துவிட்டாள். காலையில் பால் வண்டிக்காரன் பார்த்தபோது அவள் முடியில் பனி உறைந்திருந்தது.

அந்தப் பாவத்தையாவது குடித்து மறந்து தொலைத்திருக்கலாம். போலீஸிடம் ஷோனா சொன்னதுதான் பெரிய பாவம். "அந்தப் பொண்ணு என் கவுன்டர் பக்கமே வரல." டூகல் வேறு மாதிரி சொல்லியிருந்தான், உள்ளே கோட் தரமாட்டேன் என்கிறார்கள் என்று அந்தப் பெண் அழுததாகச் சொன்னான். யாரும் நம்பவில்லை. அவனுடைய காவலாளி உரிமம் போயிற்று, ஊரெல்லாம் அவனைக் கொலைகாரன் என்றது, அவன் மனைவி குழந்தையோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

வரும் திங்கட்கிழமை ஷெரிஃப் நீதிமன்றத்தில் மிரனின் சாவைப் பற்றி விசாரணை. சத்தியம் செய்துவிட்டு ஷோனா அதே பொய்யை மறுபடி சொல்ல வேண்டும்.

இரண்டரைக்கு மேலாளர் லார்ன் எட்டிப்பார்த்தான். "என்னம்மா, திங்கக்கிழமைக்குத் தயாரா? புதுசா எதுவும் சொல்லிவைக்காதீங்க. கூடத்த மூடிட்டாங்கன்னா நீங்க மட்டும் இல்ல, இருபது பேரு நடுத்தெருவுல நிப்போம்."

"டூகல் இப்பவே நடுத்தெருவுலதான் நிக்கறான், லார்ன்."

"அவன் வாட்டசாட்டமான ஆளு, பொழச்சுக்குவான்." அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் பின்கதவைப் பூட்டப் போனான்.

மூன்று மணிக்கு விளக்கெல்லாம் போட்டார்கள். அடுத்த அரை மணி நேரம் ஒரே தள்ளுமுள்ளு, சிரிப்பு, முத்தம், யாரோ படிக்கட்டில் வாந்தி எடுத்தார்கள். ஆனால் கோட்டை வாங்கி மாட்டிய ஒவ்வொருவரும் ஒரு கணம் நின்றார்கள். "யம்மா, ஐஸ் பெட்டியில வச்சிருந்தீங்களா?" என்றாள் ஒருத்தி. "என்னுது உள்பக்கம் ஒறஞ்சு மொறமொறங்குது பாருங்க" என்றான் இன்னொருவன். ஷோனாவின் விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. வரிசை குறைந்தது. கம்பிகள் காலியாயின. கடைசிச் சிரிப்பும் படியேறித் தெருவுக்குப் போயிற்று.

ஒரு கோட் மிஞ்சியது.

பின்வரிசையின் கோடியில் தொங்கியது. டிக்கெட் குத்தப்படவில்லை. பச்சை நிறம்.

இது வேறு யாருடையதோ என்று அவள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். மிரனின் கோட்டைப் போலீஸார் பையில் போட்டு முத்திரை வைத்து எடுத்துப்போனதை அவள் கண்ணால் பார்த்தவள். பச்சைக் கோட் ஊரில் ஆயிரம் இருக்கும். அருகே போனாள். இரண்டாவது பட்டன் இல்லை. அறுந்த நூல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த அறையில் மூச்சு புகையாக வருகிற குளிரில், அந்த ஒரு துணி மட்டும் இப்போதுதான் யாரோ கழற்றிக் கொடுத்த மாதிரி சூடாக இருந்தது. உள்ளங்கையை வைத்தாள். துணி மெல்ல எழும்பித் தணிந்தது. மறுபடி எழும்பியது.

கூடத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

"லார்ன்?"

கவுன்டருக்கு மேலே உள்ள ஒற்றைப் பல்பு மட்டும். படிக்கட்டு இருட்டு. இருட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மெல்லிய, வேகமான சத்தம். குளிரில் பற்கள் கிடுகிடுக்கும் சத்தம்.

கவுன்டருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. அங்கே யாரும் இல்லை. மரப்பலகையின் ஓரத்தில் பனி பூத்தது, விரல் விரலாக.

ஓடலாம். கதவு அந்தப் பக்கம்தான்.

"நீ வந்த" என்றாள். ஒரு வருடமாகத் தொண்டையில் முள்ளாகக் கிடந்தது அப்படியே வெளியே வந்தது. "நீ வந்து கேட்ட. நான்தான் தரல. உன் கோட்டு எனக்குத் தெரிஞ்சுது, தெரிஞ்சும் தரல. டூகல் பொய் சொல்லல, நான்தான் சொன்னேன். திங்கக்கிழமை எந்திரிச்சு நின்னு சொல்றேன், எல்லாத்தையும் சொல்றேன். என் தங்கமே, என்ன மன்னிச்சிரு."

அழுதுகொண்டே கொக்கியிலிருந்து கோட்டை எடுத்தாள். கவுன்டருக்கு மேலே, சின்னக் குழந்தைக்கு மாட்டிவிடுவது போல, இரண்டு தோள்பட்டையையும் பிடித்து விரித்தாள். முதலில் ஒரு கை இறங்கியது. பிறகு மற்றது. துணி நிறைந்தது. ஒல்லியான முதுகு. கழுத்துப்பட்டையிலிருந்து ஈரமுடியின் வாசம். ஷோனா காலரை இழுத்துச் சரிசெய்துவிட்டாள்.

பற்களின் சத்தம் நின்றது.

பச்சைக் கோட் திரும்பாமல் நடந்து, படியேறி, இருட்டில் போயிற்று. அப்பாடா, என்று ஷோனா கவுன்டரில் தலையைச் சாய்த்தாள். முடிந்தது. கொடுத்தாயிற்று. சொல்லியாயிற்று. ஒரு வருடத்துக்குப் பிறகு நெஞ்சு நிறைய மூச்சு விட்டாள்.

மறுபடி அந்தச் சத்தம்.

ஒரு வாய் அல்ல. பல வாய்கள்.

தலையை நிமிர்த்தினாள். பல்பின் வெளிச்சத்தில் ஒரு கை பலகைமேல் வந்து விழுந்தது. ஆண்பிள்ளைக் கை, நகமெல்லாம் நீலம். உள்ளங்கை மேல் பார்த்து விரிந்தது. அதில் டிக்கெட் இல்லை. அதன் பக்கத்தில் இன்னொன்று. மோதிரம் போட்ட, வயதான பெண்ணின் கை. அப்புறம் ஆற்றுச் சேறு ஒட்டிய ஒன்று. கைகளுக்குப் பின்னால் முகங்கள். பன்னிரண்டு குளிர்காலம். எத்தனை பேரை ஓரமாக நிற்கச் சொன்னாள்? காத்திருந்து சலித்து வெறும் சட்டையோடு போனவர்கள் எத்தனை பேர்? அவர்கள் வீடு போய்ச் சேர்ந்தார்களா என்று ஒரு நாளாவது அவள் கேட்டதுண்டா?

ஒரு முகம்கூட அவளுக்கு ஞாபகமில்லை.

யாரும் தள்ளவில்லை. யாரும் குரல் எழுப்பவில்லை. அவள் சொன்னபடியே ஒழுங்காக வரிசையில் நின்றார்கள். வரிசை படியேறி, திறந்து கிடந்த வாசலைத் தாண்டி, பனி கொட்டும் தெருவில் கண்ணுக்கெட்டிய தூரம் போயிற்று.

பின்னால் கம்பிகள் எல்லாம் காலி.

முதல் கை கவுன்டரைத் தாண்டி நீண்டு, ஷோனா போட்டிருந்த ஸ்வெட்டரின் கைப்பகுதியைப் பிடித்தது.