லொறி கேட்கும் கட்டம்

மூன்று பேருக்குப் பிரித்த சீட்டு நாலு இடத்தில் கிடந்தது.

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் சண்முகநாதன் குப்பி விளக்கைத் தூக்கிப் பார்த்தார். தனக்கு ஒரு கை, மனைவி மங்கையர்க்கரசிக்கு ஒன்று, மகள் லோஜினிக்கு ஒன்று. சுவரோரம், யாருமே உட்காராத பக்கத்தில், இன்னொன்று. அதுவும் தட்டி அடுக்கி, ஒழுங்காக. கரண்ட் வெட்டுக் காலம். வெளியே ரப்பர் மலை முழுக்க மழை.

"யாரு இங்க போட்டது?"

"நீங்கதானே பிரிச்சீங்க, அப்பா."

தலைவர் பிழை விடுவதில்லை என்பது அந்த வீட்டுச் சட்டம். ஆகவே தன் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

விளையாட்டே அவர் கண்டுபிடித்ததுதான். தேயிலைப் பெட்டிப் பலகையில் பெயின்ட் கோடு. அடியில் தொழிலாளர் குடியிருக்கும் லயம், அதற்கு மேல் கங்காணி, கணக்கப்பிள்ளை, கிளாக்கர், உச்சியில் பங்களா. சிவப்புச் சீட்டு எடுத்தால் காய் ஏறும், கறுப்பென்றால் இறங்கும். சிவப்பு ஆர்ட்டின் சீட்டு ராஜாவின் முகத்தில் தன் சங்க அட்டைப் படத்தை வெட்டி ஒட்டி, இல்லாத மீசையையும் பேனாவால் வரைந்திருந்தார். நடுவில் ஆஸ்பத்திரிக் கட்டம். அதில் விழுந்தவர் ராஜாவை வைத்திருப்பவரிடம் மூச்சு வாங்கி வாங்கி, "தலைவரே, லொறி தாங்க" என்று கெஞ்ச வேண்டும். மற்றவர்கள் சிரிக்க வேண்டும். சிரிக்காதவர் லயத்துக்கு இறங்க வேண்டும்.

அந்தக் கெஞ்சலை அவர் கற்பனையில் எடுக்கவில்லை. போன மாதம் ரப்பர் பால் வெட்டும் ஐயாவு மூச்சு முட்டிக் கிடந்தபோது, அவன் பெண்சாதி வெள்ளையம்மா வாசலில் வந்து நின்று கேட்டது அது. கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். லொறியோ தலைவரின் பாராட்டு விழா ஊர்வலத்துக்காக வாழைமரம் கட்டி நின்றது.

"கட்டுன வாழைய அவுக்கச் சொல்றியா? நாளைக்குப் பாப்போம், போ."

மறுநாள் லொறி போகத்தான் போனது, சவப்பெட்டி வாங்க.

செத்த வீட்டில் கண்விழிக்க வாங்கிய சீட்டுக்கட்டைக் குழியிலேயே போட்டுவிட்டு வருவது லயத்து வழக்கம். "புதுக்கட்டு, மண்ணு திங்கவா?" என்று தலைவர் ஐயாவு வீட்டுக் கட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

இப்போது அந்தச் சீட்டுகளிலிருந்து புளித்த ரப்பர் பால் வாடை கிளம்பி, விளக்குப் புகையோடு கலந்து, தொண்டைக்குள் பிசுபிசுவென்று இறங்கியது. மரத்தில் கட்டிய சிரட்டையில் மழைத்தண்ணீர் நிரம்பித் தளும்புவது போல ஒரு கொழகொழச் சத்தம். வெளியிலிருந்து இல்லை. சுவரோரமிருந்து.

"போதும், எடுத்து வைப்போமா?" என்றார், வேண்டுமென்றே கொட்டாவி விட்டு.

"பயந்துட்டீங்களாக்கும்," என்றாள் மங்கையர்க்கரசி. "உங்க முறைதாங்க."

தலைவர் பயப்படுவதா? எடுத்தார். கறுப்பு. காய் இறங்கியது.

ஆஸ்பத்திரி.

"ராஜா யாருகிட்ட?"

மனைவி கையை விரித்துக் காட்டினாள். இல்லை. லோஜினியிடம் இல்லை. அவரிடமும் இல்லை.

நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருந்தது. எழுந்திருக்கப் பார்த்தார். கால் வரவில்லை. மூச்சும்.

"லொறி..." என்றார். "லொறி... சொல்லு..."

லோஜினி சிரித்தாள். மங்கையர்க்கரசி முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். "அப்படியே ஐயாவு மாதிரியே செய்றீங்க!"

நடிப்பில்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். காற்று உள்ளே போகவில்லை. கையை நீட்டினார். இருவரும் இன்னும் உரக்கச் சிரித்தார்கள். லயத்துக்கு இறங்க யாருக்கு ஆசை?

சுவரோரத்துக் கையில் மேல்சீட்டு மெல்லப் புரண்டது.

ராஜா. பேனா மீசை. அதன்மேல் ஈரமாய், வெள்ளையாய், பால் பிசுக்கோடு ஒரு கட்டைவிரல் அடையாளம்.

"நாளைக்குப் பாப்போம், போ."

அவருடைய குரலேதான்.

பலகைமேல் சரிந்தார். கன்னத்துக்கடியில் லயம். மனைவி சிரித்தாள். மகள் சிரித்தாள். சுவரோரமும் சிரித்தது, மூச்சு வாங்கி வாங்கி.