முனகல் கேட்காத வீடு

உள்ளே காலெடுத்து வைத்ததுமே புவனாவுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. என்னவென்று உடனே சொல்லத் தெரியவில்லை. தரை பளிச்சென்று இருந்தது, ஜன்னல் திரைகள் துவைத்துத் தொங்கின, ஃபினாயில் நெடியோ மூத்திர வாடையோ புண் நாற்றத்தை மறைக்கத் தெளிக்கும் மட்டமான சென்ட் வாசமோ இல்லாமல், வெளியே நின்ற தைல மரங்களின் ஈர வாசம் மட்டும் கூடம் முழுக்கப் பரவியிருந்தது. அவள் பழனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சாகக் கிடப்பவர்கள் இருக்கும் இடம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கூடத்தின் நடுவுக்கு வந்த பிறகுதான் பிடிபட்டது. இரண்டு பக்கமும் கட்டில்கள், கட்டிலுக்கு ஓர் ஆள், எல்லாரும் கடைசிக் கட்டத்தில் இருக்கும் புற்றுநோய்க்காரர்கள். ஒருவர்கூட முனகவில்லை.

நல்ல இடம் என்றால் இப்படித்தானே இருக்க வேண்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மனசு கேட்கவில்லை.

அவள் வந்தது இந்த இல்லத்தை எடை போடத்தான். அம்மா கந்தம்மாள் வெளியே வாடகைக் காரின் பின் சீட்டில், தலையணைகளுக்கு நடுவே படுத்திருந்தாள். கர்ப்பப்பையில் ஆரம்பித்த நோய் முதுகெலும்புக்கு ஏறி, மாத்திரைக்கும் ஊசிக்கும் அடங்காத வலியாகிவிட்டது. இனி வைத்தியம் இல்லை, வலியில்லாமல் போய்ச் சேர ஓர் இடம் பாருங்கள் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். இதற்கு முன் பார்த்த இரண்டு இல்லங்களில் ஒன்றில் ஒரு பெரியவரின் கையைக் கட்டிலோடு கட்டிப் போட்டிருந்தார்கள். இன்னொன்றில் டிவியை அலறவிட்டு முனகலை மறைத்திருந்தார்கள். பேத்துப்பாறைக்கு மேலே, தைலக் காட்டுக்குள் இருக்கும் இந்த இடமும் சரியில்லை என்றால், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அம்மாவை மறுபடி கதறவிட்டபடி கீழே இறக்க வேண்டும். அதற்குப் பிறகு போக்கிடம் இல்லை.

காரை விட்டு இறங்கும்போது அம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் வழித்து, விரல்களைத் தன் நெற்றிப்பொட்டில் மடக்கி நெட்டி முறித்துவிட்டுத்தான் வந்தாள். சின்ன வயதில் காய்ச்சலென்றாலும் பரீட்சையென்றாலும் அம்மா அவளுக்குச் செய்தது அது. அம்மா படுத்த பிறகு தினமும் மகள் செய்கிறாள். உன் நோவெல்லாம் எனக்கு வரட்டும் என்று வாய் சொல்லும். சொல்வதுதான், அதனால் ஒரு நாளும் ஒரு வலியும் இடம் மாறியதில்லை.

"ரெண்டு வெரல்தான்டி சத்தம் போட்டுச்சு," என்றாள் அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு. "ஒனக்கு எம்மேல அம்புட்டுத்தான் பாசம்."

"பத்தும் முறிஞ்சா அப்புறம் யாரு ஊசி போடுறது? செத்த பொறும்மா. வெரசாப் பாத்துட்டு வந்துர்றேன்."

இல்லத்தின் மேலாளர் பென்சன் அவளைக் கூடவே இருந்து சுற்றிக் காட்டினார். ஐம்பதைத் தாண்டியவர், குரலை உயர்த்தவே தெரியாதவர் போலப் பேசினார். மலைக் குளிருக்கு எல்லாரும் போடும் கம்பளிக் கையுறையை வீட்டுக்குள்ளும் கழற்றவில்லை. கட்டில்களுக்கு நடுவே நடக்கும்போது யார் மேலும் உரசிவிடாமல் கைகளை மார்போடு ஒடுக்கிக்கொண்டார்.

"நல்லாப் பாருங்க சிஸ்டர். எந்த ரூமையும் நாங்க பூட்டுறதில்ல."

புவனா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். போர்வையை விலக்கிக் குதிகாலையும் இடுப்பையும் பார்த்தாள், படுக்கைப் புண் இல்லை. தண்ணீர் டம்ளர் ஒவ்வொருவருக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நகங்கள் வெட்டியிருந்தன. குறை சொல்ல ஒரு துரும்பு கிடைக்கவில்லை. மருந்து அலமாரியைத் திறந்தபோதுதான் கை நின்றது. மார்ஃபின் அட்டைகள் பிரிக்காமல் கிடந்தன, காலாவதியாகி, தூசி படிந்து.

"இங்க யாருக்கும் மார்ஃபின் குடுக்கறதில்லையா?"

"தேவைப்படலைங்க."

"நர்ஸ் எத்தனை பேரு?"

"நர்ஸே கெடையாதுங்க சிஸ்டர். ஒவ்வொரு பேஷன்ட்டுக்கும் சொந்தத்துல ஒருத்தர் கூட இருந்து பாத்துக்கணும், அது ஒண்ணுதான் எங்க கண்டிஷன். பெத்த மகளவிட யாரு நல்லாப் பாத்துக்கப் போறா?"

அந்தச் சொந்தக்காரர்கள் சாம்பல் நிற ஸ்வெட்டரும் தோளில் ஒரு வெள்ளைத் துண்டுமாகக் கட்டில்களுக்கு இடையே வந்துபோனார்கள். யாரும் பேசவில்லை. ஒரு பையன் இடுப்பைப் பிடித்தபடி காலை இழுத்து இழுத்து நடந்தான். அவன் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்த கிழவர், இடுப்பெலும்பு உருகிப்போனவர் என்று கட்டிலில் எழுதியிருந்தும், உட்கார்ந்து சுகமாகக் காலாட்டிக்கொண்டிருந்தார். பையனுடைய துண்டின் முனை நைந்து நூல் நூலாகத் தொங்கியது. புவனா மற்றவர்களின் துண்டுகளையும் பார்த்தாள். எல்லா முனையும் அப்படித்தான். யாரோ மென்று துப்பியது மாதிரி.

அப்போதுதான் முதல் தடவையாக அந்தச் சத்தத்தைக் கேட்டாள். வீட்டின் பின்பக்கத்திலிருந்து வந்தது. படக். சற்று விட்டு மறுபடி, படக், படக். கணப்பில் விறகு வெடிக்கிறது என்று நினைத்தாள். கூடத்தின் கோடியில் கணப்பு இருந்தது, ஆனால் அதற்குள் நெருப்பும் இல்லை சாம்பலும் இல்லை, கழுவி வைத்த கல்லின் மேல் ஒரு பூச்சாடிதான் இருந்தது.

"அம்மா குளிர்ல கெடக்காங்களே," என்றார் பென்சன். "டிரைவர்கிட்ட ஹீட்டர் போடச் சொல்லிட்டு வந்துர்றேன். நீங்க பேஷன்ட்டுங்ககிட்ட தனியாப் பேசிப் பாருங்க."

அவர் போனதும் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்தாள். காளியாயி, பூம்பாறைக்காரி. இடது கன்னம் முழுக்கப் புண் தின்று, கடைவாய்ப் பற்கள் வெளியே தெரிந்தன. அந்த வாயால் வறுத்த கடலையைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"வலிக்கலையாம்மா?"

"எங்க வலிக்கிது? நல்லாப் பாத்துக்கிறாங்க. நான் வந்தப்பறம் எங்க காட்டுல மூணு தரம் பூண்டு எடுத்துட்டாங்களாம்ல."

புவனா அந்தக் கன்னத்தை மறுபடி பார்த்தாள். இந்தப் புண்ணோடு ஒருவர் ஒரு பூண்டு அறுவடையைப் பார்ப்பதே அதிசயம்.

"யாரும்மா ஒங்கள இங்க கொண்டாந்து விட்டது?"

"எம் மக சுசித்ராதேன். வந்த அன்னிக்கு நான் கெடந்து கத்துன கத்துல பாவம் அவளுக்குப் பொறுக்கல. மூஞ்சிய வழிச்சு நெட்டி முறிச்சா பாரு, அம்புட்டையும் எடுத்துட்டா." காளியாயி இன்னொரு கடலையைப் போட்டுக்கொண்டாள். "இங்கதான் எங்கயோ சோலியா இருப்பா."

காலித் தட்டை எடுக்க ஒரு பெண் வந்தாள். சின்ன வயது, முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் இடது கன்னத்தைத் துண்டால் அழுத்திப் பிடித்திருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் நிற்காமல் வழிந்தது. தட்டை எடுத்தபோது விளிம்பு இடித்து டம்ளர் உருண்டது. காளியாயி அவளைப் பார்த்துச் சிரித்து, "மெதுவாடி," என்றாள்.

மகள் நிமிர்ந்தாள். புவனாவை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பின்கட்டுப் பக்கம் நடந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே மேகம் இறங்கிவிட்டது. பிற்பகல்தான், ஆனாலும் வெளிச்சம் வடிந்து, தைல மரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கண்ணாடி இடுக்கு வழியாக ஈரம் உள்ளே வந்து கட்டில் கால்களைச் சுற்றியது. கிளம்பிவிடு என்று உள்ளே ஏதோ சொல்லியது. ஆனால் பார்க்காமல் கிளம்பினால் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? எழுந்து அந்தப் பெண் போன வழியில் நடந்தாள். நீள நடை. இரண்டு பக்கமும் திறந்து கிடக்கும் அறைகள். கோடியில் ஒரு கதவு, பாதி சாத்தியது. சத்தம் அதற்குப் பின்னாலிருந்துதான்.

படக். படக்.

கதவைத் தள்ளினாள்.

துணி துவைக்கும் இடம். சுவரோரம் ஒரு நீள பெஞ்சு. அதில் அவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சாம்பல் ஸ்வெட்டர்கள். எல்லார் வாயிலும் துண்டு. சுருட்டித் திணித்து, பல் பதியக் கடித்த துண்டு. இடுப்பைப் பிடித்திருந்த பையன் வில்லாக வளைந்தான், நிமிர்ந்தான், மறுபடி வளைந்தான். ஒரு பெண் வயிற்றைக் கட்டிக்கொண்டு ஆடினாள். எல்லார் கழுத்திலும் நரம்பு புடைத்திருந்தது. ஒருவரிடமிருந்தும் ஒலி இல்லை. விரல்கள் மட்டும். பெஞ்சின் விளிம்பைப் பிடித்து இறுக்கி, இறுக்கி, விரல்கள் முறியும் சத்தம்.

பெஞ்சின் கோடியில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. அங்கே ஒரு புதுத் துண்டு மடித்து வைத்திருந்தது.

பெஞ்சிலிருந்த சுசித்ரா தன் வாயிலிருந்து துண்டை உருவினாள்.

"ஒங்கம்மாவ உள்ள கொண்டாராதீங்க," என்றாள். "அவங்க மொகத்துல கை வச்சிராதீங்க. போயிருங்க, அக்கா, போயி..."

மீதி வரவில்லை. வாய் கோணியது. துண்டை மறுபடி கடித்துக்கொண்டாள்.

புவனா ஓடினாள். நடையைத் தாண்டி, எந்தப் பக்கமும் பாராமல் கூடத்தைத் தாண்டி, வாசலுக்கு. வெளியே வெள்ளை. மேகம் தவிர ஒன்றும் இல்லை. கார் நின்ற இடத்தில் சக்கரத் தடம் மட்டும்.

"ராஜமுருகன் அண்ணே!" டிரைவரைக் கூப்பிட்டாள். "அண்ணே!"

"மேகம் இறங்குதுன்னு அவர் கெளம்பிட்டாருங்க," என்றார் பென்சன், பின்னால் நின்று. "நீங்க தங்குறீங்கன்னு நான்தான் சொன்னேன். அம்மாவ உள்ள படுக்க வச்சாச்சு."

அப்போது, புவனா வந்த பிறகு முதல் முறையாக, அந்த வீட்டில் ஓர் அலறல் கேட்டது. அம்மாவின் அலறல்.

ஜன்னலோரக் கட்டிலில் போட்டிருந்தார்கள். கந்தம்மாள் முதுகு கட்டிலில் படாமல் எம்பினாள், விழுந்தாள், எம்பினாள். சுற்றியுள்ள கட்டில்களிலிருந்து எல்லாரும் பரிவோடு பார்த்தார்கள். "பாவம். மக வந்துட்டால்ல, இனி சரியாப் போயிரும்," என்றாள் காளியாயி, கடலையை மென்றபடி.

"அம்மா, எந்திரி. போயிருவோம். இங்க வேணாம்."

தோளுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கினாள். அம்மா கத்திய கத்தலில் கை தானாக விட்டுவிட்டது. மறுபடி முயன்றாள். மறுபடி அதே கத்தல். நடக்க வழியில்லை, தூக்க வழியில்லை, வெளியே வண்டியில்லை.

"முடியலடி," என்றாள் அம்மா. அழுதாள். "அம்மாவால முடியலடி, தங்கம். எதையாவது செய்யி. கொன்னுபோட்டுரு."

புவனா தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். இறுக்கமாக. மாட்டேன் என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. அம்மா இன்னொரு முறை எம்பினாள். கண் செருகியது. உதட்டைக் கடித்ததில் ரத்தம்.

கைகள் எப்போது முன்னால் வந்தன?

அம்மாவின் முகம் உள்ளங்கைக்குள் சுட்டது. வியர்வை. சுருக்கம். வழித்தாள். வேண்டாம் என்று மனசு அலறியது. வழித்துவிட்டாள். விரல்கள் மடங்கி நெற்றிப்பொட்டுக்குப் போயின.

படபடவென்று பத்தும் முறிந்தன.

அம்மா அப்படியே அடங்கினாள். மூச்சு சீரானது. கண்ணைத் திறந்து, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு முகம் மலரச் சிரித்தாள்.

"பத்து வெரலும்டி," என்றாள். "பாத்தியா. வலி போயிருச்சு. ஒரு காப்பி கெடைக்குமா?"

புவனா நிமிரப் போனாள். முதுகுத்தண்டின் அடியில் யாரோ கொதிக்கும் கம்பியைச் சொருகி மெதுவாக மேலே ஏற்றினார்கள். தரையில் விழுந்தாள். கத்த வாயைத் திறந்தாள். கம்பளிக் கையுறை போட்ட ஒரு கை, ஒரு புதுத் துண்டை அவள் முகத்துக்கு முன்னால் பணிவாக நீட்டியது.

மழைக்காலம் முடிந்து வெயில் அடித்த ஒரு காலையில் மன்னவனூர்க்காரப் பெண் ஒருத்தி தன் தம்பியை ஜீப்பில் கொண்டுவந்தாள். அவனை வண்டியில் விட்டுவிட்டுக் கூடத்துக்குள் வந்து மோந்து பார்த்தாள், போர்வைகளைத் தூக்கிப் பார்த்தாள், கெட்டிக்காரி. கட்டிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்த கந்தம்மாளிடம், இங்கே எப்படி என்று தணிந்த குரலில் கேட்டாள்.

"நல்லாப் பாத்துக்கிறாங்கம்மா. எம் மக இங்கதான் எங்கயோ சோலியா இருப்பா."

பின்கட்டுக் கதவிடுக்கில் நின்று புவனா எல்லாவற்றையும் பார்த்தாள். ஓடு என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல். துண்டை உருவினாள், வலி மேலேறி அந்தச் சொல்லைத் தொண்டையிலேயே நசுக்கியது. மறுபடி கடித்துக்கொண்டாள். துண்டின் முனை ஏற்கெனவே நைந்திருந்தது.

அந்தப் பெண் கூடத்தின் மறுகோடிக் கட்டில்களுக்குப் போனதும், பென்சன் அவள் தம்பியை உள்ளே கொண்டுவர ஜீப்புப் பக்கம் போனார்.

கூடத்தில் ஓர் ஆண் குரல் அலறியது. அக்காக்காரி ஓடினாள். தம்பியின் கட்டிலருகே மண்டியிட்டாள். அவள் கைகள் அவன் முகத்தை நோக்கி நீண்டன.

புவனாவின் முதுகுக்குப் பின்னால், பெஞ்சில் இருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து உட்கார்ந்து, கோடியில் ஓர் ஆளுக்கு இடம் விட்டார்கள்.