ஆமை வரைந்த வீடு

சமையலறைத் தரையில் ஓரிடத்தில் மட்டும் தூசி இருந்தது.

மற்ற இடமெல்லாம் பளிச்சென்றிருக்க, அடுப்பு மேடைக்குக் கீழே ஓர் ஆள் ஒருக்களித்துப் படுக்கும் அளவுக்கு மெல்லிய சாம்பல் படலம். அதன் ஒரு முனையில் மட்டும் நீண்ட தலைமுடிகள் சிக்கிக் கிடந்தன. தரை கூட்டும் இயந்திரம் முனகிக்கொண்டே அங்கே வந்தது, எதன்மீதோ முட்டியதுபோல நின்றது, பின்வாங்கி வெறும் தரையைச் சுற்றிக்கொண்டு போனது. தவழும் அந்த வட்டப் பெட்டிக்கு ஆமை என்று பெயர் வைத்தவள் அவன் மனைவி. போன மாதம் அதே இடத்தில்தான் மூச்சுத்திணறி இறந்தாள்.

இயந்திரம் கெட்டிருக்கும் என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தான். மறுநாள் தூசி கூடத்தில் இருந்தது. அதற்கு மறுநாள் நடைவழியில். முடிகள் கிடந்த முனை, அக்காவின் அறையைப் பார்த்து.

“டேய் தம்பி, இந்தச் சனியனைத் தூக்கிப் போடுடா. என் ரூம் வாசலையே மோந்துகிட்டு நிக்குது.”

“அது கூட்டுதுக்கா.”

“அவ வச்ச பேரு, அவளை மாதிரியே பிடிவாதம்.”

அவனைப் படிக்கவைத்து ஆளாக்கிய அக்கா. மனைவியின் டைரியை அடுப்பில் போட்டதும் அவள்தான். “போனவ எழுத்து எதுக்குடா, படிச்சுப் படிச்சு அழவா?” என்றாள். மனைவியின் போனையும் விற்றுவிட்டாள். மரத்துப்போயிருந்த அவன் எதையும் தடுக்கவில்லை.

ஆமையை யாரும் நினைக்கவில்லை.

கூட்டி முடிக்கும்போதெல்லாம் அது வீட்டை வரைந்து அவன் போனுக்கு அனுப்பும். முட்டிய இடங்கள் கறுப்பாக இருக்கும். அவன் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. இன்று பார்த்தான். நடைவழியில் நீளமாக ஒரு கறை. பழைய படங்களைத் தள்ளித் தள்ளி அவள் இறந்த நாளுக்குப் போனான்.

அடுப்பு மேடைக்குக் கீழே அதே கறை. அவள். தலைமாட்டில், பக்கத்துப் பக்கத்தில், இரண்டு சிறு புள்ளிகள்.

நாற்காலிக் கால்களென்றால் நான்கு இருக்கும். இவை பாதங்கள்.

விட்டுப்போன இடத்தை ஆமை கடைசியில் ஒருமுறை வந்து பார்க்கும். வீடு முழுக்கக் கூட்டிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறது. அப்போதும் அந்தப் பாதங்கள் அங்கேயே இருந்தன. மூச்சு மருந்து அவற்றுக்கு மேலே, அலமாரியில். ஒரு கை நீட்டினால் போதும்.

“அக்கா, அன்னைக்கு நீ எப்ப வந்த?”

“எத்தனை தடவடா கேப்ப? காய் வாங்கிட்டு வர்றேன், எல்லாம் முடிஞ்சு கிடக்கு.”

“அவ உங்கிட்ட ஏதாவது கேட்டாளா?”

காய் நறுக்கிய கை நின்றது. “செத்தவ என்னடா கேப்பா? தனியா போகணும்னு உன்னைப் பிடுங்கி எடுத்தாளே, அது மட்டும் மறந்துபோச்சா?”

கத்தி மறுபடி ஓடத் தொடங்கியது, முன்னைவிட வேகமாக.

மறுநாள் அவன் வேலைக்குப் போகவில்லை. திரைச்சீலைகளை இழுத்துவிட்ட வீட்டில் பகலே மங்கியிருந்தது. அக்கா கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாள். ஆமை கிளம்பியது. கூடம், நடைவழி, எங்கும் முட்டவில்லை. நேராக அக்காவின் கதவுக்குப் போய் மெல்ல இடித்தது. பின்வாங்கியது. மறுபடி இடித்தது.

அக்காவை எழுப்பலாம். ஆமையை நிறுத்தலாம்.

கதவைத் திறந்துவிட்டான்.

ஆமைக்கு முன்னால் வேறொன்று உள்ளே போனது. கணுக்காலை உரசிய குளிர். மனைவி நெஞ்சில் தேய்க்கும் தைலத்தின் வாடை. பிறகு அந்த விசில், அவள் பக்கத்தில் படுத்து இரவிரவாகக் கேட்ட மூச்சு விசில்.

அக்காவின் தொண்டையிலிருந்து.

கட்டில் கிறீச்சிட்டது. அக்கா தரையில் விழுந்தாள். “தம்பி... மூச்சு... யாரையாவது...” விரல்கள் அவன் பாதத்தைத் தேடி நீண்டன.

அவன் நின்றான்.

ஆமை அவளைச் சுற்றியது. அவன் காலில் முட்டியது. திரும்பியது. வீடு முழுக்கக் கூட்டப் போனது.

திரும்பி வந்தது.

அவன் அங்கேயே நின்றான். விரல்கள் அசையவில்லை.

போன் அதிர்ந்தது. புதுப் படம். அக்காவின் அறை. நீளமாக ஒரு கறை. தலைமாட்டில் இரண்டு புள்ளிகள். அவன்.

அவற்றை ஒட்டி இன்னும் இரண்டு. சின்னவை.

அவன் திரும்பவில்லை. தோளருகே யாரோ நிதானமாக மூச்சு விட்டார்கள்.

விசில் இல்லாமல்.