ருஷ்யாவுக்கான முடிவு

பெட்டி காலி. முத்துமாலையைக் காணோம்.

1913, பிற்பகல் மூன்று மணி. கோபன்ஹேகனின் கண்ணாடிக்கூரைப் படப்பிடிப்புக் கூடத்தில் ஈ எறும்பு அசையவில்லை. சீமான்வீட்டுக் கதைக்கு அசல் முத்துதான் அழகு என்று குடும்ப மாலையை இரவல் கொடுத்த பாரன் ஹோல்க்ஸ்டென் பிரபு மட்டும் குதித்துக்கொண்டிருந்தார்.

"சாவி இந்த உடைக்காரி மாரென்கிட்டதான் இருந்துச்சு. பிடிச்சு உள்ள போடுங்க!"

 மாரென் சிறைக்குப் போனால் தகப்பனில்லாத இரண்டு வயது மகளுக்கு அநாதை விடுதிதான் கதி.

"அவமேல கைய வெச்சுப் பாருங்க!" என்று சீறினாள் நாயகி எலினா. தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஏறிய ஈரம் சொட்டச் சொட்ட, மாரென் கையைப் பிடித்தபடி நின்றாள்.

"போய் வெந்நீர்ல குளிம்மா, சளி பிடிக்கும்," என்றார் இயக்குநர்.

"முதல்ல இவள விடட்டும்."

இன்ஸ்பெக்டர் டால்கோர் வந்தார்.

"மாலைய கடைசியா தொட்டது யாரு?"

"நான்தான்," என்றார் பாரன். "இந்தம்மா தொட்டியவிட்டு ஏறினதும் நானே கழட்டி, பெட்டியில வெச்சுப் பூட்டி, சாவிய இவகிட்ட குடுத்தேன்."

"தொட்டி எதுக்கு?"

இயக்குநர் சிரித்தார். "நம்ம ஊருக்குக் கல்யாணத்தோட படம் முடியும். ருஷ்யாக்காரனுக்கு அழுகை வேணும். அவனுக்குத் தனியா நாயகிய மூழ்கடிப்போம்."

"பிரபுவுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"எந்தப் பைத்தியக்காரன் ஒரு கதைக்கு ரெண்டு முடிவு எடுப்பான்?" என்று எரிந்து விழுந்தார் பாரன்.

டால்கோர் எலினாவின் கழுத்தை உற்றுப் பார்த்தார். மாலை கிடந்த இடம் நெடுக வெள்ளிப் பொடி ஒட்டியிருந்தது. அரிதாரம் என்று எல்லாரும் கவனிக்காமல் விட்டிருந்தார்கள். விரலால் தொட்டுத் தேய்த்தார்.

"மீன்செதில் பூச்சு. கண்ணாடி மணிய முத்தாக்கிக் காட்டுறது இதுதான். கடல்ல பொறந்த முத்து தண்ணியில தோலுரியுமா, பிரபு? அசல எப்பவோ வித்தாச்சு. போலிய இங்க தொலைச்சா காப்பீட்டுப் பணம் வரும். ஆனா தொட்டி உங்க கணக்குலயே இல்ல. பூச்சு உரியறத யாரும் பாக்கறதுக்குள்ள கழட்ட ஓடுனீங்க. மாலை பெட்டிக்குள்ள போகவேயில்ல. கோட்டுப் பையக் காட்டுங்க."

பை ஈரமாக இருந்தது. உள்ளே பாதி மணிகள் மொட்டையாகிக் கிடந்தன.

மாரென் இன்ஸ்பெக்டர் முன்னால் கைகூப்பினாள். "ஐயா, எம் புள்ளைக்கு என்னத் திருப்பிக் குடுத்தீங்க."

"நான் இல்லம்மா, அவங்க. உன்ன விட்டுட்டுக் குளிக்கப் போயிருந்தா சாட்சியும் தண்ணியோட போயிருக்கும்."

மாரென் திரும்பிப் பார்த்தாள். எலினாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. பிடித்த கையை இன்னும் விடவில்லை. இந்தக் கடனை எந்த ஜென்மத்தில் தீர்ப்பது? தன் கம்பளிச் சால்வையை அவிழ்த்து எலினாவைச் சுற்றினாள்.

"அம்மா, நீங்க நல்லா இருக்கணும்..."

"மொதல்ல வெந்நீர் போடுடி," என்றாள் எலினா, பல் கிட்டிக்க. "இல்லேன்னா ருஷ்யாக்காரன் கேட்ட முடிவு நிசமாயிடும்."

அழுகையும் சிரிப்புமாய் மாரென் அடுப்பு மூட்ட ஓடினாள்.