துண்டுக்கடியில் ஒரு விலை

பூட்டைத் திறந்ததும் உள்ளிருந்து வெற்றிலை வாசனை வந்தது. வீட்டுக்காரி சுடலையம்மாளின் புருஷன் செத்ததிலிருந்து ஆள் அண்டாத வீடு என்று தரகர் கருத்தப்பாண்டி வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்திருந்தார். ஜெபதுரை வாசலிலேயே நின்று மூச்சை இழுத்துப் பார்த்தான். பழைய வாசனை இல்லை. இப்போதுதான் யாரோ மென்று துப்பிய வாசனை.

ராஜபாளையத்தில் பஞ்சு அரவை மில் ஒன்றில் எடை போடுகிற வேலை அவனுக்கு. பருத்தி மூட்டைக்குள் கல்லையும் ஈரத்தையும் ஒளித்துக் கொண்டுவருகிறவர்களோடு மாரடித்து, யார் எதைச் சொன்னாலும் அதற்குள் என்ன இருக்கிறது என்று துழாவிப் பார்க்கிற புத்தி வந்திருந்தது. குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். “கைப்பிள்ளையோட எங்கிட்டுப் போக? அவிய கேக்குத விலையைக் குடுத்து முடிச்சிருங்க” என்று காலையில் மனைவி அமிர்தவல்லி சொன்னாள். இந்த வீட்டுக்கு அவர்கள் கேட்டது எழுநூறு ரூபாய். ஐந்நூறுக்கு மேல் போகக்கூடாது என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறும்போதே அவன் முடிவு செய்திருந்தான்.

“வீட்டுக்காரம்மா வரலையா அண்ணாச்சி?”

“கான்சாபுரத்துல மக வீட்டுல இருக்காவ. பேச்செல்லாம் எங்கிட்டத்தான். நீங்க உள்ள போயி நல்லாப் பாருங்க தம்பி.”

“நீங்களும் வாங்க.”

“நான் எம்புட்டோ தடவ பாத்த வீடுதானே.” கருத்தப்பாண்டி வாசல்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

கூடத்தில் தூசி இல்லை. அடுக்களையில் மண்பானையின் அடிப்பக்கம் ஈரமாக இருந்தது. அடுப்புச் சாம்பலில் கை வைத்தான். வெதுவெதுப்பு. அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. கிழவி கான்சாபுரத்தில் இல்லை, இங்கேயேதான் எங்கோ ஒளிந்திருக்கிறாள். வாங்க வந்தவன் என்ன பேசுகிறான், எவ்வளவு ஆசைப்படுகிறான் என்று ஒட்டுக் கேட்கிறாள். பொய் சொல்லி விற்கிறவர்களுக்கு அவசரம் இருக்கும். மனதுக்குள் ஐம்பது ரூபாய் குறைத்தான்.

உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினான். கொஞ்சம் திறந்தது. பிறகு, அந்தப் பக்கம் யாரோ தோளைக் கொடுத்துச் சாய்ந்தது போல, மெதுவாக அவன் பக்கமே திரும்பி வந்தது. மழையில் உப்பிய கதவாக இருக்கும், அல்லது கிழவியாக இருக்கும். எதுவானாலும் இன்னொரு ஐம்பது குறையும். நானூறு. ஆனாலும் அவன் மறுபடி தள்ளவில்லை.

மேற்கே பிளவக்கல் பக்கமிருந்து மேகம் இறங்கி, பொழுது சாய்வதற்குள் வீடு இருட்டிக்கொண்டது. கருத்தப்பாண்டி தோளில் கிடந்த துண்டை எடுத்து வாசலிலிருந்தே அவனிடம் நீட்டினார்.

“இதைக் கூடத்துல விரிச்சு உக்காந்திருங்க. விளக்கு ஒண்ணு வாங்கியாறேன்.”

“துண்டு எதுக்கு?”

“விலையை வாயால சொல்லக்கூடாது தம்பி. மாட்டுத் தரகு பாத்த பழக்கம். செத்த நேரம் இருங்க, வாரேன்.”

மாட்டுச் சந்தையில் அவன் பார்த்திருக்கிறான். துண்டுக்கடியில் இரண்டு பேரும் கையைக் கொடுத்து, விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். ஒரு விரலுக்கு நூறு என்று வைத்துக்கொண்டால் போயிற்று.

தரையில் துண்டை விரித்து அதன் முன்னே உட்கார்ந்தான். ஓட்டின் மேல் தூறல் விழுகிற சத்தம். தெருவில் யாரோ தெலுங்கில் பிள்ளையை உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு தெருவில் சத்தமில்லை. உள்ளறைக் கதவு முனகியது. பாதங்கள் தரையைத் தேய்த்துக்கொண்டு, அவசரமில்லாமல், கூடத்துக்கு வந்தன.

தரகர்தான் புறவாசல் வழியாக வருகிறார், கிழவியிடம் பேசிவிட்டு வருகிறார் என்று ஜெபதுரை நினைத்தான். எதிரே இருட்டில் யாரோ உட்கார்ந்தார்கள். வெற்றிலை வாசனை முகத்தில் அடித்தது.

“விளக்கு கெடைக்கலையா அண்ணாச்சி?”

துண்டு அசைந்தது.

அவன் கையை உள்ளே விட்டான். அங்கே ஒரு கை காத்திருந்தது. காய்ந்த கை. நகம் நீளம். அதன் நான்கு விரல்களைச் சேர்த்துப் பிடித்தான். நானூறு. ஏற்றிக் கேட்பார், ஐந்தாவது விரலைத் தருவார் என்று காத்திருந்தான்.

அந்தக் கை ஒரு விரலை உருவிக்கொண்டது.

மூன்றா? விற்கிறவன் குறைப்பானா? வில்லங்கச் சொத்தாக இருக்குமோ? பேசாமல் எழுந்துவிடலாம். எழவில்லை. முந்நூறுக்கு வீடு. அமிர்தவல்லியின் முகம் எப்படி இருக்கும்?

இன்னொரு விரல் போயிற்று. இரண்டு.

“வெளையாடுதீயளா?” அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

ஒன்று.

அதுவும் மடங்கிக்கொண்டது. இப்போது அவன் பிடியில் விரலே இல்லை. பணமே வேண்டாம் என்கிறது. பிறகு அந்தக் கை விரிந்தது. அவன் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. அழுத்தமில்லை. ஆனால் விடவில்லை. இழுத்தான். வரவில்லை.

வாசலில் வெளிச்சம் வந்தது.

கருத்தப்பாண்டி படிக்கு வெளியே நின்றிருந்தார். ஒரு கையில் அரிக்கேன் விளக்கு. மறு கையில் சாவி. வெளிச்சம் கூடத்துக்குள் நீண்டது. ஜெபதுரைக்கு எதிரே யாரும் இல்லை. வெறும் தரை. துண்டு மட்டும் நடுவில் புடைத்து, அவன் கையை மூடிக்கொண்டு கிடந்தது.

“அண்ணாச்சி,” என்றான். “என் கையி.”

கருத்தப்பாண்டி அவனைப் பார்க்கவில்லை. அவனைத் தாண்டி, திறந்து கிடந்த உள்ளறையைப் பார்த்து, மரியாதையாகக் குனிந்து கேட்டார்.

“படிஞ்சிருச்சுங்களா? முன்ன வந்தவியளப் போல இவரு பிள்ளையையும் பொம்பளையையும் கூட்டியாறச் சொல்லட்டுமா?”

துண்டின் மறுமுனையில் இன்னொரு புடைப்பு எழும்பியது. அதன் பக்கத்தில் இன்னொன்று, சின்னதாக. வளையல் சத்தத்தோடு மேலும் ஒன்று. துணிக்கடியில் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, அவன் கையை நோக்கி மெதுவாக ஊர்ந்து வந்தன.